கடைசி வாரத்து இண்டர்வியூ

அவரைக்காய்க்கு நார் எடுப்பதில் ஒரு சௌகரியம், சத்தம் வராது. அதற்காகவே தமயந்தி நேற்றே இந்தியக் கடைக்குப் போய் ஒரு பை அவரைக்காய் வாங்கி வந்திருந்தாள். இன்றைக்குக் காலை பத்து மணியிலிருந்து பத்து நாற்பது வரை இந்த வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது, தாளிப்பு என்ற பேச்சே கூடாது. ஓஹாயோ வீடுகளில் கடுகு நாலு வெடித்தாலே கூரையில் இருக்கிற புகை அலாரம் கொலை விழுந்தது போல அலறும், மாடியில் தாரிகா மேலே கோட்டும் கீழே பைஜாமாவுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மெடிக்கல் காலேஜ்காரர்களிடம் தான் ஏன் டாக்டராக வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது கீழே அவள் அம்மா ரசம் தாளித்து ஃபயர் எஞ்சின் வந்து நின்றது என்றால் அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் எவருக்கு சீட் கொடுப்பார்கள். மணி பத்து மூன்று. நாற்பது நிமிஷம் பேசாமல் இருக்க உன்னால் முடியுமா தமா என்று நேற்று அறவாழி கேட்டார், கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல ஜோக் அடித்துவிட்ட பெருமையோடு. கேட்ட மனுஷர் தும்மினால் மூன்று வீடு தாண்டிக் குழந்தை விழிக்கும், ஆகவே அவரை வாசலில் நிற்கிற காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லி ஒன்பது ஐம்பதுக்கே அனுப்பியாயிற்று. பக்கத்து வீட்டு டேவ், எழுபத்தெட்டு வயசு, பனி தள்ளும் மெஷினை விடிந்ததும் விடியாததுமாக உருட்டுகிற ஆள், அவரிடமும் போய்ச் சொல்லியிருந்தாள், பதினொரு மணி வரைக்கும் வேண்டாம், என் பெண்ணுக்கு இண்டர்வியூ என்று. அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சரி என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி. நல்ல மனுஷன். வீட்டு ஹீட்டரையும் அணைத்துவிட்டாள், அது கிளம்பும்போது தரைக்கடியில் லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தம் வரும். வெளியே பிப்ரவரி, ஜன்னல் விளிம்பில் பனி ஒரு சாண் உயரத்துக்கு ஏறி உட்கார்ந்திருந்தது, உள்ளே கால்விரல் ஒவ்வொன்றாக மரத்துக்கொண்டு வந்தது. மரக்கட்டும். காலா இண்டர்வியூ கொடுக்கிறது.

ஒரே ஒரு இண்டர்வியூ. பதினெட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டதில் கூப்பிட்டது இது ஒன்றுதான், ஏதோ ஏரிக்கரையில் இருக்கிற காலேஜ், அதுவும் இந்த வருஷத்து இண்டர்வியூக்களின் கடைசி வாரத்தில், கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குனிந்து பார்க்கிற நேரத்தில். இந்த நாட்டில் டாக்டர் படிப்புக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்பது தமயந்திக்குப் புரியவேண்டியது ஜூன் மாதம், புரிந்தது செப்டம்பர் மாதம். மார்க் வேண்டும், பரீட்சை வேண்டும், கட்டுரை வேண்டும், எல்லாம் சரி, ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே வரிசை ஒன்று இருக்கிறது. ஜூனில் ஜன்னலைத் திறக்கிறார்கள். யாருடைய ஃபைல் முதலில் முழுசாகிறதோ அதை முதலில் பிரிக்கிறார்கள், பிரித்ததில் பிடித்தவர்களை ஆகஸ்டிலிருந்தே கூப்பிட்டுப் பேசுகிறார்கள், பேசியதில் பிடித்தவர்களுக்கு அக்டோபரிலிருந்து சீட்டைக் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள், கல்யாணப் பந்தி மாதிரி, முதல் பந்திக்கு வடை, பாயசம், பரிமாறுகிறவன் முகத்தில் சிரிப்பு, கடைசிப் பந்திக்கு வரும்போது சாம்பாரில் தண்ணீர், இலையில் கிழிசல், பரிமாறுகிறவன் கடிகாரத்தைப் பார்க்கிறான். இதை அவளுக்குச் சொன்னவள் சுஹாசினி, தெலுங்குக்காரி, தாரிகாவோடு காலேஜில் படித்த பெண்ணின் அம்மா, சொன்ன இடம் அதே இந்தியக் கடை, பச்சை மிளகாய்க்கும் கொத்தமல்லிக்கும் நடுவில். “எப்ப அனுப்பினீங்க?” என்று கேட்டாள் சுஹாசினி. “ஜூன் முதல் வாரமே அனுப்பிட்டாளே,” என்றாள் தமயந்தி, கொஞ்சம் தலையை நிமிர்த்தித்தான். “அனுப்பினது யாருக்கு வேணும்? ஃபைல் முழுசா ஆனது எப்ப? ஒரே ஒரு சிபாரிசு லெட்டர் குறைஞ்சாலும் ஃபைலைத் தொட மாட்டாங்க, அப்படியே கிடக்கும். எங்க பொண்ணுது ஜூன் கடைசியில ஆச்சு, ரெண்டு இடத்துல இண்டர்வியூ தேதியே வந்தாச்சு.” தமயந்தியின் கையில் அப்போது ஒரு கட்டுக் கொத்தமல்லி இருந்தது. அதை எங்கே வைத்தாள் என்று இன்றுவரை தெரியாது. தாரிகாவின் ஃபைலில் ஒரு லெட்டர் குறைந்தது. எந்த லெட்டர், ஏன் குறைந்தது, யாரால் குறைந்தது என்பதெல்லாம் தமயந்திக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டர் பொன்னுரங்கத்தின் லெட்டர். இந்த ஊரில் நாற்பது வருஷம் கிளினிக் வைத்திருந்த இதய டாக்டர், தமிழ்ச் சங்கத்துக்கு மூன்று தடவை தலைவர், பொங்கல் விழாவில் அவர் வந்து உட்கார்ந்தால்தான் குத்துவிளக்கு எரியும். தாரிகா இரண்டு கோடை விடுமுறை அவர் கிளினிக்கில் போய் நின்றிருக்கிறாள், நோயாளிகளை எடை பார்த்து, பெயர் எழுதி, அவர் பின்னாலேயே நடந்து, ஆகவே லெட்டர் அவர்தான் தரவேண்டும், வேறு யார் தந்தாலும் செல்லாது. மே மாதம் அவர் ரிட்டையர் ஆகிவிட்டார், தாரிகா போட்ட ஈமெயில் இரண்டும் பழைய கிளினிக் பெட்டியில் போய் விழுந்திருக்க வேண்டும், பதில் இல்லை. “போன் பண்ணிக் கேக்கட்டுமா?” என்று அவள் கேட்டபோது, நீ கேட்காதே, பெரியவர், சின்னப் பெண் போன் பண்ணி நச்சரித்தால் நன்றாக இருக்காது, நாங்கள் நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறோம் என்று சொன்னது யார்? அறவாழி சொன்னார். சரி, பக்கத்தில் நின்று தலையாட்டியது யார். போனார்கள். முதல் தடவை மாம்பழப் பெட்டியோடு போனார்கள், இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள், டாக்டர் தன் முதல் அமெரிக்கப் பனிக்காலத்தைப் பற்றிச் சொன்னார், அவர் மனைவி புவனா அக்கா இரண்டு முறை காபி கொடுத்தார், வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லலாம் என்று தமயந்தி வாயைத் திறக்க, அறவாழி முழங்கையை அழுத்தினார். காரில் ஏறியதும் “ஏன் தடுத்தீங்க?” என்று கேட்டாள். “போனதும் போகாததுமா காரியத்தைக் கேட்டா காரியத்துக்காக வந்த மாதிரி இருக்காது?” “காரியத்துக்காகத்தானே வந்தோம்?” “அதான், அது தெரியக்கூடாது.” இரண்டாவது தடவை போனபோது டாக்டருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கிறவரிடம் எழுதிக் கொடுங்கள் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது தடவை அவர் அறுபதாம் கல்யாண வீடியோவை, ஐயோ, அதை முழுசாகப் பார்த்தார்கள், முகூர்த்தத்திலிருந்து மொய் வரைக்கும், நடுவில் யார் எழுந்து கேட்பது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் தாரிகா மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்பாள், “சொன்னீங்களா?” அறவாழி சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொல்வார், “சொல்லியிருக்கு, போட்டுடுவார்.” தமயந்தி, வாழ்நாளில் எந்த அறையிலும் வாயை மூடிக்கொண்டு இருந்திராத தமயந்தி, சமையலறைக்குள் போய்விடுவாள்.

மேஜை அதிர்ந்தது. அவள் துள்ளி எழுந்ததில் அவரைக்காய்த் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, பிடித்துவிட்டாள், பிடித்துவிட்டாள். செல்போன். சத்தத்தை நிறுத்தியவள் அதிர்வை நிறுத்த மறந்திருக்கிறாள், மரமேஜையில் அது உறுமி மேளம் மாதிரி உறுமுகிறது. காரிலிருந்து அறவாழி எழுதியிருக்கிறார், என்ன ஆச்சு? என்ன ஆகும், பதினொரு நிமிஷத்தில் குழந்தையா பிறந்துவிடும். பேசாமல் உட்காருங்கள் என்று தட்டினாள், போனைத் துணிக்குள் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். மாடியில் ஒன்றும் அசங்கவில்லை. பத்துப் பதினொன்று. அப்போதுதான் அவள் கண் தானாகச் சுவரோரத்துத் தரைக்குப் போயிற்று, சூட்டுக்காற்று வருகிற இரும்புச் சல்லடை பதித்த இடத்துக்கு. அதன் குழாய் நேரே மாடியில் தாரிகாவின் அறைக்குப் போகிறது. ஹீட்டர் ஓடாத நேரத்தில் அங்கே பேசினால் இங்கே கேட்கும், குழிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, ஆனால் தெளிவாக. பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது தற்செயலாகக் கண்டுபிடித்த விஷயம், யாரிடமும் சொன்னதில்லை, யாராவது சொல்வார்களா, அந்தச் சல்லடை இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு பெண்ணை எப்படி வளர்த்திருப்பது. இன்றைக்குக் கேட்கக் கூடாது என்று காலையில் குளிக்கும்போது முடிவு பண்ணியிருந்தாள். ஸ்டூலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள், அங்கேதான் வெளிச்சம் நன்றாக வருகிறது, நார் எடுக்க வெளிச்சம் வேண்டும். குரல் வந்தது. கேட்பவள் பெண்பிள்ளை, வயசானவள், நிதானமான குரல், அவசரமே இல்லாத ஆங்கிலம். திண்டுக்கல் கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபிலோமினா இப்படித்தான் பேசுவார், ஒவ்வொரு வார்த்தையையும் இஸ்திரி போட்டு மடித்து வைப்பதைப் போல. பேசுகிறவர்கள் பெயர் எழுதுகிற பலகை ஒன்று வகுப்பில் உண்டு, அதில் டி. தமயந்தி என்ற பெயரை அழிக்காமலே வைத்திருந்தார்கள், எதற்குத் தினமும் எழுதி அழித்துச் சாக்பீஸை வீணாக்குவது என்று. காலை அசெம்பிளியில் ஆளுக்கொரு நன்றி சொல்லவேண்டும், மழைக்கு நன்றி, அப்பா அம்மாவுக்கு நன்றி, இவள் முறை வந்தபோது இன்றைக்குக் கணக்கு மிஸ் வராததற்கு நன்றி என்று சொல்லி முட்டிபோட்டு நின்றது ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது, மூக்கைப் பிடித்து அடக்கினாள்.

இப்போது யாராவது அசெம்பிளியில் நிறுத்தினால் பட்டியல் நீளமாக இருக்கும். டேவுக்கு நன்றி, தொப்பியைக் கழற்றியதற்கு. சுஹாசினிக்கு நன்றி, பெருமையடிக்க வந்தவளானாலும் உண்மையைச் சொன்னாளே. அவரைக்காய்க்கு நன்றி. அந்த ஏரிக்கரைக் காலேஜில் முகம் தெரியாத எவளோ ஒரு குமாஸ்தாவுக்கு நன்றி, அடியில் கிடந்த ஃபைலைத் தள்ளிவிடாமல் மேலே எடுத்து வைத்தாளே. டாக்டருக்கு, அவருக்கும் நன்றிதான், என்ன செய்வது. சுஹாசினி சொன்ன அன்றைக்கே, கடையிலிருந்து வெளியே வந்து கார் நிறுத்துமிடத்திலேயே போன் போட்டாள், அறவாழி பக்கத்தில் இல்லை, முழங்கையை அழுத்த ஆள் இல்லை. “டாக்டர், கடை கார் பார்க்கிங்ல நின்னு பேசறேன், உங்க வீட்டு சோபாவுல எத்தனை பூ இருக்குன்னு எனக்கு மனப்பாடம், மூணு தடவை எண்ணியாச்சு. தாரிகாவுக்கு ஒரு லெட்டர் வேணும். அதைக் கேக்கத்தான் மூணு தடவையும் வந்தோம்.” அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “என்னம்மா இது, முதல் நாளே கேட்டிருக்கலாமே! நான் புவனாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன், இந்தக் காலத்துல யாரு இப்படி சும்மா வந்து பெரியவங்களோட உக்காந்து பேசறாங்கன்னு.” ஒரு மணி நேரத்தில் எழுதி அனுப்பிவிட்டார், நல்ல லெட்டர் என்று தாரிகாவே சொன்னாள். ஒரு மணி நேரம். மூன்று மாசம் ஒரு பக்கம், ஒரு மணி நேரம் ஒரு பக்கம். அந்த மனுஷர் நினைத்துச் சந்தோஷப்பட்டதை நினைத்தால்தான் கூசுகிறது, சும்மா வந்தார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம், கண் கட்டோடு உட்கார்ந்து சந்தோஷப்பட்டிருக்கிறார். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி ஃபைல் முழுசாயிற்று. அதற்குள் முதல் பந்தி எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தது.

அப்புறம் அக்டோபர். சுஹாசினியின் பெண்ணுக்கு சீட் கிடைத்தது, கேக் வெட்டினார்கள், தாரிகா போய் கேக் ஊட்டிவிட்டு வந்தாள். நவம்பரில் இல்லை என்று ஐந்து கடிதம், டிசம்பரில் இல்லை என்று ஆறு, ஜனவரியில் இல்லை என்றுகூடச் சொல்லாமல் சும்மா இருந்தவை மிச்சம். ஒவ்வொரு தடவையும் தமயந்தி காத்திருந்தாள், இன்றைக்குக் கேட்பாள், இன்றைக்கு இந்தப் பெண் வெடிப்பாள், உங்களால்தானே என்பாள், இரண்டு பேரும் மாறி மாறிக் கத்திக்கொண்டு அதற்கப்புறம் சரியாகிவிடும், அவளுக்குத் தெரிந்த சமாதானம் அது ஒன்றுதான், இடி இடித்து மழை பெய்து வெயில் அடிக்கவேண்டும். தாரிகா கேட்கவே இல்லை. தட்டை எடுத்துப் போய்க் கழுவினாள், நாய்க்குட்டி வீடியோ காட்டினாள், காய்ச்சல் வந்தபோது தமயந்தியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அதுதான் பயம். பேசாமல் இருக்கிறவர்களைத் தமயந்திக்குப் புரிந்ததே இல்லை. உள்ளே என்ன வைத்திருக்கிறாள் இந்தப் பெண்? டாக்டர் தாமதப்படுத்திவிட்டார் என்று நினைக்கிறாளா, அப்படித்தான் நினைக்கவேண்டும், சொல்லியிருக்கு போட்டுடுவார் என்று மூன்று தடவை கேட்டவள் வேறு என்ன நினைப்பாள். ஒருநாள் தெரியவரும். ஏதாவது விழாவில் டாக்டரே சிரித்துக்கொண்டு சொல்வார், உங்க அம்மா அப்பா மூணு தடவை வந்தும் வாயே திறக்கலையேம்மா என்று, அன்றைக்கு இந்தப் பெண் திரும்பித் தன்னைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும், அதை நினைக்கும்போதெல்லாம் தமயந்தி கையில் இருப்பதை வேகமாகச் செய்ய ஆரம்பித்துவிடுவாள், இதோ, அவரைக்காய் நாரோடு பாதிக் காயும் சேர்ந்து வருகிறது. அவளுக்கு ஒன்றும் நிறைவேறாத டாக்டர் கனவு கினவு கிடையாது, ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறவள் அவள், பெண் பாட்டு கற்றுக்கொள்கிறேன் என்றாலும் சரி என்றிருப்பாள். ஆனால் இது அந்தப் பெண் கேட்ட ஒன்று. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றுதான். அதைத் தன் வாய் மூடிக் கெடுத்தது என்றால், வேறு யார் வாயாவது என்றால்கூடப் பரவாயில்லை, இந்த வாய்.

பத்து இருபத்தாறு. சல்லடைக்குள்ளிருந்து தாரிகாவின் குரல், கிளினிக்கில் ஒரு கிழவர் தன் காலணியைக் கழற்ற மறுத்த கதையைச் சொல்கிறாள், கேட்பவள் சிரிக்கிறாள். நன்றாகப் போகிறது. நன்றாகப் போகிறதா, இல்லை மரியாதைக்குச் சிரிக்கிறாளா. இந்த ஊர்க்காரர்கள் முடியாது என்று சொல்வதற்கு முன்னால்தான் ரொம்பச் சிரிப்பார்கள். தாரிகாவின் வார்த்தைகள் கடைசியில் லேசாக நடுங்குகின்றன, என்னடி இது, ஏன் நடுங்குகிறாய், பேசு, தெளிவாகப் பேசு. தமயந்தி ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள், புடவையென்றால் இழுத்துச் செருகியிருப்பாள், இந்தக் கால்சட்டையில் முட்டி மடங்கவே மாட்டேன் என்கிறது. காதைச் சல்லடைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இரும்பு ஐஸாக இருந்தது. அப்போதுதான் அந்தப் பெண்மணி கேட்டாள். காதில் ஆங்கிலமாக விழுந்தது மனசில் தமிழாக இறங்கியது. உன் விண்ணப்பம் ஜூனில் வந்திருக்கிறது, ஃபைல் செப்டம்பர் நடுவில்தான் முழுமையாகியிருக்கிறது, அதனால்தான் உன்னை இவ்வளவு தாமதமாகச் சந்திக்கிறோம், அந்த இடைவெளியைப் பற்றி ஏதாவது சொல்கிறாயா. தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிடு. டாக்டருக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லிவிடு, அது பொய்கூட இல்லை, ஜூலையில் ஆபரேஷன் நடந்தது, யார் விசாரிக்கப்போகிறார்கள். இல்லை, எங்களைச் சொல், என் அப்பாவும் அம்மாவும் அசடுகள், மாம்பழம் வாங்கிக்கொண்டு போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்கள் என்று சொல், சிரிப்பார்கள், சிரித்தால் நல்லது, சொல்லு, எங்கள் தலையில் போடு. குளிர்ந்த குழாய்க்குள் தன் மூச்சு திரும்பி வருவதுகூடக் கேட்டது.

“ஒரு சிபாரிசுக் கடிதம் தாமதமாக வந்தது,” என்றாள் தாரிகா. “நான்தான் போய்க் கேட்டிருக்கவேண்டும். அவர் ரொம்பப் பெரிய மனிதர், எனக்கு அவரிடம் பயம், ரெண்டு ஈமெயிலோடு நிறுத்திக்கொண்டேன். என் பெற்றோர் கேட்டுத் தருகிறோம் என்றார்கள், சரி என்றேன். அவர்களால் கேட்கமுடியாது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பெரியவர்களிடம் போய் எதையும் நேராகக் கேட்கமாட்டோம். அவர்கள் வெறுங்கையோடு திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தாலே தெரியும், கேட்கவில்லை என்று. அப்போதும் நான் போன் பண்ணவில்லை. அவர்கள் கேட்காததும் நான் கேட்காததும் ஒரே காரணத்துக்காகத்தான். கடைசியில் கேட்டது என் அம்மா. கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு கேட்டார். அதை மட்டும் எனக்கு அந்த டாக்டரே போன் பண்ணிச் சொன்னார்.”

தெரியும். முதல் தடவையிலிருந்தே தெரியும். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு அறவாழியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சமையலறைக்குள் போகிற அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு, தெரிந்துகொண்டேதான் சரி என்றிருக்கிறாள், தெரிந்துகொண்டேதான் அக்டோபரில் போய் கேக் ஊட்டிவிட்டு வந்திருக்கிறாள். ஆறு மாசமாக அந்த மௌனத்துக்குள் கத்தி இருக்கிறது, கல் இருக்கிறது என்று தமயந்தி சுற்றிச் சுற்றி வந்தாளே, உள்ளே இருந்தது இவ்வளவுதானா, நானும் பயந்தேன் என்பதுதானா. தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது இந்தப் பெண், யார் தலையிலும் போடாமல், இருபத்திரண்டு வயசில். யாரிடம் கற்றுக்கொண்டாள் இதை. என்னிடம் இல்லை, சத்தியமாக என்னிடம் இல்லை. தமயந்தி மூக்கைப் பிடித்துக்கொண்டாள், அழுதால் மூக்கு உறிஞ்சவேண்டும், உறிஞ்சினால் குழாய் வழியாக மேலே கேட்கும், ஏரிக்கரை வரைக்கும் போகும். நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றியது, யாருக்கு என்று தெரியவில்லை, கடவுளுக்கென்றால் கோயில் ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும், பெண்ணுக்கென்றால் பெற்ற பெண்ணிடம் நன்றி என்று எந்தத் தமிழச்சி சொல்லியிருக்கிறாள், அந்த வார்த்தை வீட்டுக்குள் வாயில் வராது, மேடையில் மாலை போடும்போது சொல்கிற வார்த்தை அது. அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். கால் சுத்தமாக மரத்துவிட்டது, முட்டிக்குக் கீழே யாருடைய காலோ.

பத்து முப்பத்தெட்டு. கடைசிக் கேள்வி வரவேண்டும், எங்களிடம் நீ கேட்க ஏதாவது உண்டா என்பார்கள், அதற்கென்று தாரிகா நாலு நல்ல கேள்வி எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி ஒரு வாரமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள், ஆராய்ச்சி வசதி எப்படி, முதல் வருஷத்திலேயே நோயாளிகளைப் பார்க்கலாமா, இப்படி, மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்கிற மாதிரி பவ்யமான கேள்விகள், பல் தேய்க்கும்போது படித்துப் படித்துத் தமயந்திக்கே பாடம். கேட்டாள் அந்தப் பெண்மணி. தாரிகா மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. “இன்னும் எத்தனை சீட் மிச்சம் இருக்கிறது?” என்றாள். தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அடிப்பாவி. இது கண்ணாடியில் இல்லை. இப்படிப் பட்டென்று கேட்கலாமா, இதெல்லாம் கேட்கிற கேள்வியா, என்ன நினைப்பார்கள், என்று ஓடுகிற மனசை அவளே பிடித்து நிறுத்தினாள், யாருடைய மனசு இது, அறவாழியுடையதா, முழங்கையை அழுத்துகிற மனசு. கேளடி. நன்றாகக் கேள். மாடியில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, அந்த வயசான குரல் சிரித்தது, இந்தத் தடவை மரியாதைச் சிரிப்பில்லை, வாய்விட்டு. “பதினொன்று,” என்றது. “இந்த வாரம் அறுபத்திரண்டு பேரைப் பார்க்கிறோம். இதை நேராகக் கேட்டது நீ ஒருத்திதான்.” “நேராகச் சொன்னதற்கு நன்றி,” என்றாள் தாரிகா. அப்புறம் வணக்கம், சிரிப்பு, மறுபடி வணக்கம், மடிக்கணினி மூடுகிற சத்தம்.

எழுந்திருக்க முடியவில்லை. தமயந்தி மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக நிமிர்வதற்குள் படியில் தடதடவென்று கால் சத்தம், கோட்டும் பைஜாமாவுமாக அந்தப் பெண் சமையலறை வாசலில் வந்து நின்றாள், உதடு நீலமாக, கையிரண்டையும் அக்குளில் சொருகிக்கொண்டு. “ம்மா! வீடு என்ன இவ்ளோ குளிர்? ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டியா?” “சத்தம் போடுமேன்னு…” “ஐயோ, எனக்குப் பல்லு தந்தி அடிச்சுதும்மா! பயத்துல நடுங்கறேன்னு நெனச்சிருப்பாங்க!” என்றவள், தரையில் சல்லடைக்குப் பக்கத்தில் சிந்திக் கிடந்த அவரைக்காய் நாரைப் பார்த்தாள், ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு கோணலாக நிற்கிற அம்மாவைப் பார்த்தாள். “நீ கேட்டியா?” தமயந்திக்குச் சொல்லவேண்டியது வேறு ஒன்று இருந்தது, ஆறு மாசமாக நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது, இப்போது சொல்வதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்ட ஒன்று, ஆனாலும் தன் வாயால் சொல்லவேண்டும். “நாங்க கேக்கவே இல்லடி, தாரி. மூணு தடவை போனோம். மூணு தடவையும் கேக்கல. அப்பா சொன்னது பொய். நான் பக்கத்துலதான் நின்னேன்.” தாரிகா ஹீட்டர் பொத்தானிடம் போய் அதை அழுத்தினாள். தரைக்கடியில் லாரி கிளம்பியது. “தெரியும்மா. அப்பா பொய் சொன்னா காதைச் சொறிவாரு. நீ பாத்திரத்தை உருட்டுவ.” வந்து அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள், கன்னம் சில்லென்றிருந்தது, கோட்டில் இஸ்திரி வாசனை. வெளியே கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, அறவாழிக்குப் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. தமயந்தி இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாக, அவளுக்குத் தெரிந்த விதத்தில். “பதினொண்ணுதான் இருக்காம்மா,” என்றாள் தாரிகா தோளுக்குள்ளிருந்து, குரல் இறங்கி. “அறுபத்திரண்டு பேருக்குப் பதினொண்ணு.”

“உனக்கு எத்தனைடி வேணும்?” என்றாள் தமயந்தி.